நந்தனுக்கு விடுப்புக் கேட்டவர்

வெள்ளிக்கிழமை என்றால் புதிய திரைப்படம் என்பது நம் தலைமுறையின் பழக்கம். 2015-ஆம் ஆண்டு முதல் புதிய இசை வெளியீடுகளுக்கும் உலகெங்கும் வெள்ளிக்கிழமையே பொதுநாளாக ஏற்கப்பட்டிருக்கிறது. திரைப்படத்தையோ பெரிய நிறுவனத்தையோ சாராமல், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே ஒலிப்பதிவு செய்து இளைஞர்கள் வெளியிடும் சுயாதீன இசைப் பாடல்கள் தமிழிலும் வாரந்தோறும் வந்தவண்ணம் உள்ளன. ஒலிப்பதிவுக் கூடங்கள் நிறைந்த பெருநகரத்திலிருந்து வெகுதொலைவில் இருக்கும் நெய்வேலி நகரியத்திலும் அத்தகைய இளைஞர்கள் சிலரை நான் அறிவேன்.

அவர்களுள் ஒருவர் என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவர். சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த ஊரொன்றிலிருந்து நகரியத்தின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவருடையது. சில மாதங்களுக்கு முன்பு, தாம் வெளியிட இருந்த முதல் பாடலைக் கைப்பேசியில் எனக்குப் போட்டுக் காட்டினார். அவருடைய பாட்டி நடவு வயலில் பாடிய மெட்டு அது. சொற்களும் பெரும்பாலும் பாட்டியுடையவையே. நான் என்ன செய்தேன்? முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்கவில்லை. ஒருமை பன்மை மயக்கம், கொச்சைச் சொல், எதுகை வழு என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினேன். அவர் பணிவுடன் தலையசைத்துவிட்டுச் சென்றார். பாடல் இன்றுவரை வெளியாகவில்லை.

இந்த உறுத்தலோடு இருந்த நாள்களில்தான், நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஒருவரின் வாழ்க்கையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். இலக்கண வழு உண்டு என்பதற்காக ஒரு பெரும்புலவரின் வாயிலில் காத்திருந்தவர் அவர். அரசவை இல்லை, கோயில் மானியம் இல்லை, குடும்பச் சொத்தும் இல்லை. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் மிகப் பரவலாகப் பாடப்பட்ட இசைப் படைப்புகளுள் ஒன்றைத் தந்தவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார்தான் அவர்.

இன்று பெட்ரோலியக் கிணறுகளால் அறியப்படும் நாகை மாவட்டத்து நரிமணத்தில், 1811-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார் பாரதியார். இசையும் வடமொழிப் பயிற்சியும் வழிவழியாக வந்த அந்தணர் குடும்பம் அது. தந்தையார் இராமசுவாமி பாரதி. முடிகொண்டானிலும் பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் அவருடைய வாழ்க்கை கழிந்தது. மாயூரத்தில் கோவிந்த சிவம் என்னும் பெரியவரிடம் அத்வைத நூல்களைப் பாடம் கேட்டார். திருவிடைமருதூரில் இராமதாஸ் என்னும் இசைவாணரிடம் இந்துஸ்தானி இசையைக் கற்றார். உடையார்பாளையம் ஜமீன் ஆதரவில் விளங்கிய கனம் கிருஷ்ணையரின் இசையையும் கேட்டுத் தேர்ந்தார். இல்லறத்தை அவர் நாடவில்லை. இறுதிவரை தனியராகவே வாழ்ந்தார்.

அவர் வளர்ந்த காலத்தின் பொருளியல் சூழலை அறிந்தால்தான் அவருடைய துணிவின் அளவு புரியும். தஞ்சை மராத்திய அரசவை இந்தியாவின் மாபெரும் இசைப் புரவலர்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால், 1799-இல் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. மன்னருக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் உதவித்தொகையும் மட்டுமே மிஞ்சின. 1855-இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபோது அந்த எஞ்சிய அரசும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பாட்டையும் பரதத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரே பெரிய முதலாளி திடீரென்று இல்லாமற்போனார். சிலர் மைசூருக்கும் திருவாங்கூருக்கும் சென்றனர். சிலர் சென்னைப்பட்டினத்தின் வணிகர்களை நாடினர். இசைச் சந்தை முழுவதுமே இடம் மாறிய காலம் அது.

பாரதியார் எங்கும் பெயர்ந்து செல்லவில்லை. ஆனந்ததாண்டவபுரத்து மிராசுதார் ஒருவரின் ஆதரவில், மிகக் குறைந்த தேவைகளோடு வாழ்ந்தார். சுதந்திரமாக இயங்க விரும்பும் கலைஞனுக்கு முதல் மூலதனம் குறைந்த செலவே என்பதை அவர் வாழ்ந்து காட்டினார் என்று ஒரு பொருளாதார ஆசிரியன் கூறினால் அது மிகையாகாது. கதை சொல்ல அழைத்த ஊருக்குச் செல்வார், கொடுத்ததைப் பெற்றுக்கொள்வார்.

திருவையாற்றில் தியாகராஜரை அவர் சந்தித்த செய்தி இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆபோகி இராகத்தில் தியாகராஜரின் மாணவர்கள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டார் பாரதியார். அதே இராகத்தில் தமிழில் ஏதேனும் இயற்றியிருக்கிறாரா என்று தியாகராஜர் வினவினார். அப்போது இல்லை என்று அமைதியாக இருந்துவிட்டு, பின்னர் தில்லை நடராசரைக் குறித்து ஆபோகியில் ஒரு கீர்த்தனையை இயற்றி வந்து பாடிக் காட்டினார் என்பது அச்செய்தி. தெலுங்குக் கீர்த்தனைகளே இசையரங்கின் இயல்பான மொழியாகக் கருதப்பட்ட நாளில், தமிழால் அதே உயரத்தை எட்ட முடியும் என்று காட்டிய செயல் அது. அந்தப் பாடல் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது.

தனிக்கீர்த்தனைகளோடு அவர் நின்றிருந்தால் சிறந்த வாக்கேயக்காரருள் ஒருவராக மட்டும் எண்ணப்பட்டிருப்பார். இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோரின் வரலாறுகளையும் அவர் இசைக்கதைகளாக இயற்றினார். ஆனால், அவரை வரலாற்றில் நிறுத்தியது திருநாளைப்போவார் என்று பெரியபுராணம் போற்றும் நந்தனின் கதைதான்.

கொள்ளிடத்தின் அருகே ஆதனூரில், புலைப்பாடியில் பிறந்தவர் நந்தன் என்கிறார் சேக்கிழார். ஆதனூர் இன்றைய கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதே பரவலான கருத்து. நந்தன் செய்த தொண்டு எது? கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் தந்தது. அதாவது, கோயிலில் எழுந்த இசையின் கச்சாப்பொருள் முழுவதும் அவர் கையிலிருந்து சென்றது. அந்த இசை ஒலித்த இடத்துக்குள் அவர் கால் செல்ல முடியாது. உற்பத்தியாளர் வாசலுக்கு வெளியே, நுகர்வோர் உள்ளே. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தித் தரும் தொழிலாளர்களைப் பற்றி இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் நூல் எழுதியபோது எழுந்த விவாதத்தை நினைவுகூர்ந்தால், சேக்கிழார் சுட்டிய இடைவெளி முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை என்பது விளங்கும்.

சேக்கிழாரின் நந்தனுக்குத் தடை அவருடைய பிறப்பு மட்டுமே. அவரை அடக்கும் தனிமனிதர் யாரும் பெரியபுராணத்தில் இல்லை. பாரதியார் அங்கே ஒரு புதிய பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அவர் நிலவுடைமையாளரான வேதியர். நந்தன் அவருடைய பண்ணையாள் ஆனான். சிதம்பரம் சென்று வர அவன் கேட்டது முக்தி மட்டுமன்று, ஒருநாள் விடுப்பு. வேதியரோ சாதியைச் சொல்லி ஏசுகிறார். வேலையைச் சொல்லி மறுக்கிறார். இறுதியில், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிபந்தனை விதிக்கிறார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கும் மேல். ஒரு மனிதனால் செய்ய இயலாத வேலையை முன்வைத்து, மறுப்பை அனுமதி போல் காட்டும் தந்திரம் அது. தொழிலாளர் உறவுகளைப் படித்த எவருக்கும் அந்தத் தந்திரம் புதிதல்ல.

வேதியரைக் கற்பனையிலிருந்து மட்டும் பாரதியார் படைத்தார் என்று கருத முடியாது. காவிரிப் படுகையின் மிராசு ஊர்களிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. நிலத்தோடு சேர்த்து ஆளும் கைமாறிய முறையை அவர் தலைமுறை கண்டிருந்தது. அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1862 ஜனவரி முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். நந்தனார் சரித்திரம் அச்சேறியதும் ஏறக்குறைய அதே வேளையில். சட்டம் வழக்குமன்றத்தில் சொன்னதை, பாட்டு திண்ணைகளில் சொன்னது. அந்தணர் ஒருவர், அந்தண மிராசுதாரின் ஆதரவில் வாழ்ந்துகொண்டே, அந்தண நிலவுடைமையாளரை அவையோர் முன் நிறுத்திக் கேள்வி கேட்டார். மாற்று இசை என்று இன்று நாம் எதை அழைக்கிறோமோ, அதன் உள்ளியல்பு இதுவே.

சொல்லிய பொருள் மட்டுமன்றி, சொன்ன முறையும் புதிது. செவ்வியல் இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளுக்கு நடுவே நொண்டிச்சிந்தும் கண்ணியும் இலாவணியும் இருசொல் அலங்காரமும் வந்தன. சேரி மக்களின் பேச்சு மொழி பாட்டுக்குள் நுழைந்தது. நந்தன் தன் கூட்டாளிகளோடு பேசுவதும், ஊர்ப் பெரியவர்கள் அவனைக் கடிந்துகொள்வதும், வேதியர் சீறுவதும் மக்கள் வாயில் வழங்கும் சொல்லிலேயே அமைந்தன. கற்றவரும் கல்லாதவரும் ஒரே அவையில் அமர்ந்து கேட்கத்தக்க படைப்பு அது. அக்காலச் சந்தையின் மொழியில் சொன்னால், இசையின் வாடிக்கையாளர் எண்ணிக்கையை ஒரே அடியில் பன்மடங்காக்கிய முயற்சி.

இந்தப் புதுமையே அவருக்கு இடையூறாகவும் ஆயிற்று. நூலை அச்சிட வேண்டுமானால் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்பது அன்றைய மரபு. இன்று புதிய பாடலுக்குப் பெயர்பெற்ற இசையமைப்பாளரின் ஒரு வரிப் பாராட்டைத் தேடுகிறார்களே, அது போன்றது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தார். தமிழ் யாப்பில் அவருக்கு இணையாக அன்று எவருமில்லை. பாரதியாரின் நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருப்பதைக் கண்ட அவர் பாயிரம் தரத் தயங்கினார்; பல நாள் காலம் கடத்தினார். பாரதியாரும் சளைக்காமல் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலுறக்கத்தில் இருந்தபோது வந்த பாரதியார், திண்ணையில் அமர்ந்து நந்தனின் ஏக்கம் நிறைந்த பாடல்களைத் தமக்குள் பாடத் தொடங்கினார். விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் உள்ளிருந்தே கேட்டார். சொற்பிழைகள் அவர் காதுக்குத் தெரியவில்லை. சிதம்பரம் போக முடியாதவனின் துயரம் மட்டுமே தெரிந்தது. கண் கலங்க வெளியே வந்து, இதுவரை காக்கவைத்ததற்கு வருந்திப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். பிள்ளையவர்களின் மாணவரான உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது.

அச்சுக்குப் பொருளுதவி செய்தவர் யார் என்பது இன்னும் வியப்பளிக்கும் செய்தி. காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்த சீசே என்பவர், நாகைப் பகுதியில் பரவிய நந்தன் கதையின் புகழைக் கேள்வியுற்று அதில் ஈடுபாடு கொண்டார். அவருடைய ஆதரவில் 1860-களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. தஞ்சை அரசவை மறைந்து ஏழெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய புரவலர் போன இடத்தில், ஊர் வணிகரும் கதை கேட்ட மக்களும் அயல்நாட்டு அதிகாரி ஒருவரும் சிறுசிறு பங்காகச் சேர்ந்து நின்றனர். இன்று கூட்டு நிதி திரட்டிப் பாடல் வெளியிடும் இளைஞர்கள் இதைத் தங்கள் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835-இல்தான் கிடைத்தது. புதிய தொழில்நுட்பம் கைக்கு எட்டியதும் அதை அரண்மனையின் வழியாக அல்லாமல் மக்களின் வழியாகப் பயன்படுத்தியவர்களின் முதல் வரிசையில் பாரதியாருக்கு இடமுண்டு. அவர் காலத்திலேயே, வடலூரில் வாழ்ந்த இராமலிங்க அடிகளின் பாடல்களும் 1867-இல் அன்பர்களின் முயற்சியால் அச்சேறி வீடுதோறும் சென்றன. நெய்வேலியின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர் வடலூர் என்பதை இங்குள்ளோருக்குச் சொல்லத் தேவையில்லை.

புத்தகம் பரவியது. கதாகாலட்சேபக் கலைஞர்கள் அதை எடுத்துக்கொண்டனர். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றோர் கதை சொல்லும் கலையை ஒரு பேரரங்கக் கலையாக உயர்த்தியபோது, நந்தனார் சரித்திரம் அவர்களுடைய முதன்மைப் பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆனால், பாரதியார் செல்வராகவில்லை. எளிய வாழ்க்கையையே தொடர்ந்தார். 1871-ஐ ஒட்டி, பிள்ளையவர்களிடம் தமிழ் படிக்க மாயூரம் வந்த இளைஞர் சாமிநாதன், பாரதியாரிடம் சில காலம் இசையும் பயின்றார். இசைப் பயிற்சி தமிழ்ப் பாடத்துக்கு இடையூறாகும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் அது நின்றுபோயிற்று. பாயிரம் எழுதிக் கொடுத்த பிறகும் புலவருக்கு இசையின் மீது முழு நம்பிக்கை வந்துவிடவில்லை போலும். ஆயினும் அந்த மாணவரே பிற்காலத்தில் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி, அவரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியைக் காப்பாற்றித் தந்தார். 1896-இல் பாரதியார் மறைந்தார்.

படைத்தவர் மறைந்த பின்னர் படைப்பு புதிய ஊர்களுக்குச் சென்றது. 1908-ஆம் ஆண்டை ஒட்டி, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கும் நெல்லை ஆட்சியர் விஞ்சுக்கும் இடையே நடந்த வாதத்தைப் பாட்டாக்கிய சுப்பிரமணிய பாரதியார், நந்தனார் சரித்திரத்தில் நந்தனைக் கடிந்துகொள்ளும் மெட்டையே எடுத்து ஆட்சியரின் வாயில் வைத்தார். கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது: ஆட்சியர் வேதியர், சுதேசி கேட்பவன் நந்தன். ஒரு மெட்டு தன்னோடு ஒரு நியாயத்தையும் சுமந்து செல்லும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விக்கூடம் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயரும் நந்தனார்தான். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த திரைப்படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடெங்கும் பேசப்பட்டது. 1942-இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். ஒருநாள் விடுப்புக்காக ஏங்கிய பண்ணையாளின் கதைக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சந்தை உருவாகியிருந்தது.

இங்கேதான் பாரதியாரின் படைப்பை நன்றியோடு மட்டுமன்றி, கேள்வியோடும் அணுக வேண்டியிருக்கிறது. ஓரிரவில் சிவனருளால் பயிர் விளைந்து நிற்க, வேதியர் மனம் மாறி நந்தனின் காலில் விழுகிறார். ஆனால், பண்ணையடிமை முறை மாறவில்லை. நந்தனுக்கு விடை கிடைக்கிறது. அவனோடு ஆதனூரில் இருந்த மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. தில்லையின் எல்லையில் நந்தன் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே உள்ளே செல்கிறான். பெரியபுராணம் வகுத்த முடிவை மாற்றும் துணிவு பாரதியாருக்கும் வரவில்லை. தீயைத் தாண்டாமல் அவன் ஏன் செல்லக் கூடாது என்று ஒடுக்கப்பட்டோரின் தரப்பிலிருந்து நெடுநாளாக எழுப்பப்படும் வினா முற்றிலும் நியாயமானது. அருளால் தீர்ந்த சிக்கல், உரிமையால் தீர்ந்த சிக்கலாகாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. நொண்டிச்சிந்தின் நடையையும் சேரிப் பேச்சின் சுவையையும் பாரதியார் யாரிடமிருந்து பெற்றார்? வயலில் பாடியவர்களிடமிருந்தும் தெருவில் ஆடியவர்களிடமிருந்தும்தான். அவர்களுள் ஒருவரின் பெயரும் நூலில் இல்லை. அக்கால வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால், நம் காலத்திலும் அந்த வழக்கம் ஒழிந்துவிட்டதா?

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டன. நந்தன் இப்போது வேறொருவர் வாய்வழியாக விடுப்புக் கேட்கவில்லை, தானே பாடினான். அக்குழுவில் பாடிய அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்டத்து நினைவுகளை அடித்தளமாகக் கொண்டு எழுதி, தீயுடன் இணைந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. திரைப்படம் சாராத ஒரு தமிழ்ப் பாடல் அவ்வளவு தொலைவு சென்றது பெருமைக்குரியது. ஆனால், அதன் பின்னர் எழுந்தவை இரண்டு வருத்தங்கள். பாடலில் யாருடைய பங்கு எவ்வளவு, யாருடைய முகம் முன்னே வர வேண்டும் என்ற விவாதம் ஒன்று. அப்பாடலிலிருந்து தமக்கோ பாடியவர்களுக்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறியது மற்றொன்று.

சுயாதீன இசை என்ற சொல்லையே இவை ஆராயச் செய்கின்றன. திரைப்பட நிறுவனத்தைச் சாராமல் இருப்பது மட்டும் சுயாதீனம் ஆகிவிடாது. பாடல் கேட்கப்படும் தளம் வேறொருவருடையது. கணக்கு வேறொருவர் கையில். எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண் மட்டும் படைத்தவருக்குத் தெரிகிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய உரிமத்தொகையை எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடும் இளைஞருக்கும், எழுதிவைக்காத பாட்டுக்குச் சொந்தக்காரியான பாட்டிக்கும் சட்டம் தானாக வந்து உதவுவதில்லை. பாரதியார் தம் தேவைகளைச் சுருக்கிச் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டார். குடும்பம் உள்ள இன்றைய கலைஞரிடம் அந்தத் துறவை நாம் எதிர்பார்ப்பது முறையன்று.

1956-இல் நிறுவனம் உருவாகி, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது முதல், நெய்வேலி தன் மண்ணின் அடியிலிருந்து எடுத்ததை ஊர்களுக்கெல்லாம் ஒளியாகக் கொடுத்து வருகிறது. மேல்மண்ணை அகற்றினால்தான் நிலக்கரி கிடைக்கும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அந்த மேல்மண்ணில் ஊர்கள் இருந்தன. ஊர்களில் வயல்கள் இருந்தன. வயல்களில் பாட்டுகள் இருந்தன. வீட்டுக்கும் நிலத்துக்கும் கணக்கெழுதி இழப்பீடு பேசினோம். பாட்டுக்குக் கணக்கில் ஒரு பத்தி இல்லை. பொருளாதாரம் படித்த நானும் என் வகுப்புகளில் அப்படி ஒரு பத்தியைச் சேர்த்ததில்லை.

அந்தப் பாட்டைத்தான் என் மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். நான் அதில் ஒருமை பன்மை பார்த்தேன். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கியது பெருந்தமிழ் கற்ற பெருமையால். என் தயக்கத்துக்கு அத்தகைய தகுதியும் இல்லை. அவர் பாட்டைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்தார். எனக்கு மாதங்கள் ஆயின.

நகரியத்தின் 16-ஆம் வட்டத்தில் பெரிய ஐம்பொன் நடராசர் திருமேனி விளங்கும் கோயில் இருக்கிறது. தங்கள் குறையை எழுதிப் பெட்டியில் இட்டு, ஆராய்ச்சி மணியை அசைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் அங்கே உண்டு. இங்கிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்துக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நந்தன் நாளை போவேன், நாளை போவேன் என்று நாள்களைக் கழித்த தொலைவும் இதைவிடப் பெரிதன்று. அவனைத் தடுத்தது தொலைவல்ல; விடை தர வேண்டியவர்கள் தராமல் இருந்ததுதான்.

நேற்று அந்த மாணவரை அழைத்துப் பேசினேன். ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம் என்றும், பாடலாசிரியர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரை முதலில் போடும்படியும், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் முன் இருவரும் சேர்ந்து அதைப் படித்துப் பார்ப்போம் என்றும் கூறினேன். பாட்டிக்கு இப்போது குரல் நடுங்குகிறதாம். அவரையே இரண்டு வரி பாடவைத்துப் பதிவு செய்யப் போவதாக அவர் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமைகளுள் ஒன்றில் அது வெளியாகும். கேட்பவர்கள் அதில் இலக்கண வழு இருப்பதாகச் சொன்னால், அதற்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன்.